'அம்மா' என்று தட்டினால் 'அக்க்' என்று வருவது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் பத்து வருடமாக ஃபொனெடிக் முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்து, தமிழ் தட்டச்சு செய்பவர். ஆறு மாதம் முன்பு சேர்ந்த வேலையில், விசைகளில் தமிழ் எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்கிய தமிழ்99 பலகை கட்டாயம். கோப்புகளுக்குத் தமிழ்99, அதே கணினியில் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் செய்தி அனுப்ப ஃபொனெடிக் என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை மாறுகிறீர்கள். புதிய பலகைக்குப் போகும்போது கை மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். பழகிய ஃபொனெடிக்குக்குத் திரும்பும்போதுதான் முதல் வார்த்தை குப்பையாக விழுகிறது. அம்மாவுக்கு எழுதும் செய்தி 'அக்க்' என்று ஆரம்பிக்கிறது. "பத்து வருடம் தெரிந்ததே மறக்கிறதே, மூளையில் ஏதும் கோளாறா? வயசாகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறும் இல்லை, வயசும் இல்லை. உங்கள் விரல்களில் நடப்பதைச் சோதனைக்கூடங்களில் முப்பது வருடமாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழகாத வேலைக்குப் போவதற்கு ஆகும் செலவு, அதாவது கூடுதல் நேரமும் பிழையும், எல்லோருக்கும் தெரியும். பழகிய வேலைக்குத் திரும்பி வருவதற்கும் ஒரு செலவு உண்டு. சில சமயம் அது போகும் செலவைவிடப் பெரிது. யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை என்பதால்தான் உங்களைப் போலப் பலரும் பயந்துபோகிறார்கள்.

முதலில் விசைப்பலகையையே பார்ப்போம், ஏனென்றால் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. ஆங்கில 'கே' விசை ஃபொனெடிக்கில் க். தமிழ்99-இல் அதே விசை ம. 'எம்' விசை அங்கே ம், இங்கே ர. 'என்' விசை அங்கே ன், இங்கே ல. ஃபொனெடிக் பழக்கத்தோடு தமிழ்99-இல் 'மகன்' என்று அடித்தால் 'ரமல' என்று வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் போனால், தமிழ்99-இல் 'அம்மா'வுக்கு ஏ, கே, கே, கியூ என்று நான்கு விசைகள். முதல் ம-வுக்குப் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். அந்த விரலோட்டம் ஃபொனெடிக்கில் போய் விழுந்தால் 'அக்க்'. உங்கள் பிழை கண்மண் தெரியாமல் விழுந்த பிழை கிடையாது. நூற்றுக்கு நூறு சரியாக அடித்திருக்கிறீர்கள், வேறு பலகையில். ஏ விசையும் வி விசையும் இரண்டு பலகையிலும் அ, வ என்றே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இரண்டில் உங்களுக்குத் தடுமாற்றமே வந்திருக்காது.

இந்தக் கடைசி விஷயம் 1927-லேயே ஒருவர் கண்டுபிடித்தது. ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் எண்கள் நிறைந்த பட்டியல்களைக் கொடுத்து, ஒரு பட்டியலில் எல்லா எண்ணோடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டச் சொன்னார், இன்னொன்றில் எல்லாவற்றிலிருந்தும் கழிக்கச் சொன்னார், மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழிக்கச் சொன்னார். மாறி மாறிச் செய்தவர்களுக்கு நேரம் கூடியது. இது நாம் ஊகிக்கக்கூடியதுதான். அடுத்து அவர் செய்ததுதான் அழகு. சொற்களையும் எண்களையும் கலந்து ஒரு பட்டியல் தந்து, சொல் வந்தால் எதிர்ச்சொல், எண் வந்தால் கழித்தல் என்றார். இப்போதும் மாறி மாறித்தான் செய்கிறார்கள், ஆனால் செலவு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. எண்ணைப் பார்த்து எதிர்ச்சொல் சொல்ல யாருக்கும் கை துடிக்காது அல்லவா? ஒரே பொருள் இரண்டு வேலைகளுக்கும் அழைப்பு விடுக்கும்போதுதான் சிக்கல். உங்கள் 'கே' விசை அப்படி இரண்டு வீட்டுக்கும் மருமகன். 1976-இல் ஸ்பெக்டர், பீடர்மேன் என்ற இருவர் அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே கூட்டல் குறி, கழித்தல் குறி போட்டுத் தந்து பார்த்தார்கள். செலவு வெகுவாக இறங்கியது. இந்த இரண்டு முடிவையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்களுக்கு நான் சொல்லப்போகும் யோசனை ஒன்று இதிலிருந்துதான் வருகிறது.

சரி, ஏன் திரும்பும்போது அதிகம் சறுக்குகிறது?

'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லுங்கள் என்றால் நாக்கு தடுமாறும். ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை இது. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி வரை வந்துவிட்டது. படிப்பது நமக்கு ஊறிப்போன வேலை. நிறம் சொல்வது ஒப்பிடும்போது பழகாத வேலை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் ஆல்போர்ட்டும் அவரோடு சேர்ந்த இருவரும் 1994-இல் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவைத்தார்கள். படிப்பதிலிருந்து நிறம் சொல்லப் போவதுதான் கஷ்டம் என்று எதிர்பார்ப்போம். கிடைத்ததோ தலைகீழ்: நிறம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் படிக்கத் திரும்பும்போதுதான் தாமதம் பெரிதாக இருந்தது. எளிய வேலைக்கு வந்து சேரத்தான் கூடுதல் நேரம்.

பழகிய மாடு வண்டியைத் தானே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். வண்டிக்காரர் தூங்கினாலும் போகும். அதை வேறு ஊர்ப்பாதையில் திருப்ப வேண்டுமென்றால் மூக்கணாங்கயிற்றை இறுகப் பிடித்து இழுக்க வேண்டும்; பழக்கம் எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாக. இப்போது "சரி, வீட்டுக்கே போவோம்" என்று மனம் மாறினால்? கயிற்றை இறுக்கிய கை அந்த நொடியே தளராது. மாட்டுக்கு வழி தெரியும், போகவும் ஆசை, ஆனால் இழுவை இன்னும் மிச்சமிருக்கிறது. புதிய வேலையைச் செய்வதற்காகப் பழைய வேலையை அமுக்கி வைத்தீர்களே, அந்த அமுக்கம் கொஞ்ச நேரம் தங்கிவிடுகிறது. மாறாகப் பழகியதைச் செய்யும்போது பழகாததை அமுக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. அது எழுந்து வந்து தொல்லை செய்யப்போவதில்லை. அதனால் அந்தப் பக்கம் போகும்போது மெதுவாகப் போனாலும் தடுக்கி விழுவதில்லை.

இந்த விளக்கத்தை எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. அமுக்கம் தங்குவதால் மட்டுமல்ல, பலவீனமான வேலையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி நிறுத்தினோமே, அந்தத் தூக்கல் இறங்காமல் அடுத்த வேலைக்குள் நீள்வதாலும் இது நடக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. உளவியலாளர்களுக்கு இது பெரிய சண்டை. உங்கள் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மொழியிலும் இதையே பார்த்திருக்கிறார்கள். மியூட்டர் என்பவரும் அதே ஆல்போர்ட்டும் 1999-இல் இருமொழி பேசுவோரிடம் எண்களைக் காட்டி, பின்புல நிறத்தைப் பார்த்து எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். தாய்மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகம். நாள் முழுக்க ஆங்கிலத்தில் கூட்டம் நடத்திவிட்டு வந்து, ஊரிலிருந்து பெரியப்பா போனில் அழைத்தால் முதல் ஒரு நிமிடம் தமிழ் வாயில் நிற்காமல் தவிப்போமே, "பந்தா பண்றான்" என்று பேர்கூட வாங்கியிருப்போமே, அந்தத் தவிப்புக்கு இதிலும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். இணையத்தில் தேடினால் இதற்கு நேர்மாறான வாசகம்தான் அதிகம் கிடைக்கும்: "பழகாத வேலைக்கு மாறும்போது செலவு அதிகம், பழகியதற்கு மாறும்போது சட்டென்று வேகம் பிடிக்கலாம்." அதுவும் பொய்யில்லை. ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் மூவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு அது. கணக்குப் போடுவது, உருவங்களை வகைபிரிப்பது போன்ற வேலைகளுக்கிடையே மாறவைத்தார்கள். விதி சிக்கலாக ஆக ஆகச் செலவு ஏறியது, பழகாத வேலையில் இன்னும் ஏறியது. மாறுவதில் இரண்டு கட்டம் இருக்கிறது என்றார்கள். 'இதை விட்டுவிட்டு அதைச் செய்யப்போகிறேன்' என்று தீர்மானிப்பது ஒன்று. அதன் விதிகளை மனசுக்குள் ஏற்றிக்கொள்வது இன்னொன்று. விதி புதிது என்றால் ஏற்ற நேரமாகும். ஆல்போர்ட் பார்த்தது இரண்டு எளிய வேலைகள் ஒரே பொருளுக்காகச் சண்டை போடும் நிலைமை. மேயர் பார்த்தது விதிகளைத் தூக்கிவர வேண்டிய நிலைமை. தமிழ்99-க்கு வந்த முதல் வாரம் நீங்கள் மேயரின் ஆய்வுக்குள் இருந்தீர்கள். எந்த விசை எங்கே என்று தேடி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஆறு மாதம் கழித்து ஆல்போர்ட்டின் ஆய்வுக்குள் வந்துவிட்டீர்கள். 'அக்க்' வருவதே நீங்கள் தேறிவிட்டதற்கு அடையாளம். முதல் வாரத்தில் அது வந்திருக்காது, யோசித்துப் பாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று. "வேலை மாற்றி மாற்றிச் செய்தால் 40 சதவீத நேரம் வீண்" என்று மேற்படி ஆய்வின் பெயரால் ஓர் எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. அது மேயர் பேச்சுவாக்கில் 'இவ்வளவு வரைகூட ஆகலாம்' என்று சொன்ன மதிப்பீடு. அந்தச் சோதனைகளில் அளந்த முடிவு இல்லை. அளக்கப்படும் செலவுகள் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். மேலாண்மைப் பயிற்சி வகுப்பில் யாராவது திரையில் 40 என்று பெரிதாகப் போட்டுக் காட்டினால் புன்னகையோடு தேநீர் குடிக்கப் போய்விடலாம்.

அடுத்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு. ரோஜர்ஸ், மான்செல் இருவரும் 1995-இல் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் சேர்த்துக் காட்டினார்கள். இரண்டு முறை எழுத்தைப் பார்த்து உயிரா மெய்யா என்று சொல்ல வேண்டும், அடுத்த இரண்டு முறை இலக்கத்தைப் பார்த்து ஒற்றையா இரட்டையா என்று சொல்ல வேண்டும், மறுபடி எழுத்து. எப்போது மாறும் என்பது முன்கூட்டியே தெரியும். தயாராக நேரம் கொடுத்தால் செலவு குறைந்தது. அரை நொடிக்குச் சற்று மேல் வரை குறைந்துகொண்டே வந்தது. அதற்குமேல் எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் ஒரு மிச்சம் கரையவே இல்லை. ஆனால் மாறிய பிறகு முதல் விடையைச் சொன்னதுமே அந்த மிச்சம் தீர்ந்துவிட்டது. அடுத்த விடைகளில் கூடுதல் செலவு இல்லை.

தயாராக உட்கார்ந்து யோசிப்பதால் பாதிதான் மாற முடிகிறது. மீதி, வேலையை ஒருதரம் செய்தால்தான் மாறுகிறது. நான் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் லோயர் படித்த காலத்தில், வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் ஒரு வரி 'யளனக' (தமிழ் மிஷினில் இடது கை விரல்கள் அமரும் நான்கு விசைகள்) அடித்த பிறகுதான் தாளை மாற்றிப் பாடத்துக்குப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கிலீஷ் மிஷினிலிருந்து தமிழ் மிஷினுக்கு மாறி உட்காருபவர்களிடம் ஆசிரியை இதில் ரொம்பக் கறார். "விரலுக்கு ஊர் மாறிடுச்சுன்னு சொல்லணும்ல?" என்பார். அவர் உளவியல் படித்தவர் இல்லை. அப்போது எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது.

இதுவரை சொன்னது நாமாக மாறுவது. நடுவில் யாராவது நம்மை இழுப்பது வேறு கதை, அதில்தான் உண்மையான ஆபத்து. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்மனும் அவர் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாக வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையை நடுவில் இடைமறித்தார்கள். சராசரியாக 2.8 நொடி இடையூறு. ஓரிரு எழுத்து அடித்துவிட்டுத் திரும்பும் நேரம்தான். வரிசைப் பிழை இரு மடங்கானது. 4.4 நொடி என்றபோது மூன்று மடங்கு. வேகம் குறைந்தது என்பதைவிட, ஒரு படியைத் தாண்டிவிட்டோம் என்பதே தெரியாமல் தாண்டினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

1987 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் நார்த்வெஸ்ட் 255 என்ற விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. வழியில் ஓடுபாதை மாறிவிட்டது என்று தகவல் வருகிறது. துணை விமானி புதிய வானிலைத் தகவலைக் கேட்க வேறு அலைவரிசைக்குப் போகிறார், எடைக் கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது, நடுவில் ஒரு திருப்பத்தையும் தவறவிடுகிறார்கள். இதெல்லாம் அன்றைக்குப் புதிதாக வந்த வேலைகள். அவற்றை முடித்துவிட்டுப் பழகிய வேலைக்குத் திரும்பியபோது, புறப்படும் முன் இறக்கைத் தட்டுகளை நீட்டிச் சரிபார்க்கும் படி விடுபட்டிருந்தது. எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை. விமானம் எழும்ப முடியாமல் விழுந்து 156 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று மட்டும் பிழைத்தது. அந்தப் படி எத்தனையோ முறை செய்து செய்து அவர்களுக்கு அத்துப்படி. அத்துப்படி ஆனதை "செய்துவிட்டோம்" என்று மனம் சுலபமாக நம்பிவிடும். ஓடுபாதைக்கு நகரும்போதும் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் விமானிகள் அவசியமில்லாத பேச்சோ வேலையோ வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அமெரிக்க விதி 1981-லேயே வந்துவிட்டது. ஆனால் இங்கே வந்த இடையூறுகளை எந்த விதியும் தடுக்காது; எல்லாமே அவசியமான வேலைகள்.

மருத்துவமனையிலும் இதே கதை. சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு 2010-இல் வந்தது. நடுவே குறுக்கிடும் ஒவ்வொரு தடவைக்கும் செய்முறைத் தவறும் மருந்துத் தவறும் சுமார் 12 சதவீதம் கூடியிருந்தன.

"அப்படியானால் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனித்துக் காட்டும் நம் ஊர் அவதானிகள் எப்படிச் செய்தார்கள்?" என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது நூறு விஷயங்களை ஒரே சமயத்தில் கவனிக்கும் வித்தை, செய்து காட்டினார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணியடிப்பார், முதுகில் விழும் நெல்லையோ கல்லையோ எண்ண வேண்டும். கேட்டால் மூளை நூறாகப் பிரிந்தது போலத் தோன்றும். நான் பார்த்த அவதானிகளை வைத்துச் சொல்கிறேன், அங்கே நடப்பது மாறுதலும் விட்ட இடத்தைப் பிடித்து வைத்தலும். கேள்விகள் புதிதே தவிர வகைகள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் பயின்றவை. வெண்பா கேட்பவரும் மணியடிப்பவரும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு குரலில் இருக்கிறார்கள். எது எந்த வேலை என்பதில் குழப்பம் வராது. அதாவது ஜெர்சில்டின் இரண்டாவது பட்டியல். நடுவில் ஒருவர் தமிழ்99-இல் அடிக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி உங்களுக்கு என்ன செய்யலாம் என்பது. ஃபொனெடிக்குக்கு மாறியதும் எந்தச் செய்தியையும் நேரே தொடங்காமல், காலிப் பெட்டியில் 'அம்மா மகன் நலம்' என்று அடித்து அழித்துவிடுங்கள். க, ம, ன, ல நான்குமே அதில் இருக்கிறது. சண்டை போடும் விசைகளில் அவை முக்கியமானவை. முதல் விடையோடு தீர்ந்துவிடும் செலவை, யாரும் பார்க்காத இடத்தில் கட்டிவிடுகிறீர்கள். எங்கள் ஆசிரியையின் 'யளனக'வும் இதுதான்.

அடுத்தது பெரிய மாற்றம், முடிந்தால் செய்யுங்கள். வீட்டுச் செய்திகளைக் கணினியில் அடிக்காமல் கைப்பேசிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இரண்டு கட்டைவிரல், இங்கே பத்து விரல், பொருளே வேறாகிவிடுகிறது. முடியாதென்றால் குறைந்தபட்சம் ஒவ்வொரு பலகைக்கும் திரையில் வேறு நிறமோ வேறு எழுத்துருவோ வையுங்கள். மூலையில் கடுகளவு 'த' என்று தெரியும் குறியைக் கண் பார்ப்பதே இல்லை. இருபது முப்பது மாற்றத்தை நான்கைந்தாகக் குறைப்பது பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது உங்களுக்கே தெரியும், செய்யவிடாதது குடும்ப வாட்ஸாப் குழு.

ஃபொனெடிக்கை அடியோடு விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விட்டால் பிரச்சினை அன்றோடு முடியும், நான் பழைய தட்டச்சு மிஷின் பலகையை அப்படித்தான் விட்டேன். ஆனால் கட்டாயம் இல்லை. பார்சிலோனாவில் ஸ்பானியமும் கத்தலானும் சிறுவயதிலிருந்தே சரளமாகப் பேசுபவர்களை வைத்து கோஸ்டாவும் சாந்தெஸ்தெபானும் 2004-இல் செய்த ஆய்வில், எந்தப் பக்கம் மாறினாலும் செலவு ஒரே அளவாக இருந்தது. பலவீனமான மூன்றாம் மொழிக்குள் போய்வந்தபோதும் அந்தச் சமநிலை குலையவில்லை. மாறி மாறிப் பேசியே வளர்ந்தவர்கள். உங்களுக்கும் தமிழ்99 ஃபொனெடிக் அளவுக்கு ஊறிவிட்டால் திரும்பி வரும்போது மட்டும் சறுக்கும் இந்த ஓரவஞ்சனை குறையும் என்றே நினைக்கிறேன். மாறுவதற்கான சிறு செலவு இரு பக்கமும் இருந்துகொண்டுதான் இருக்கும்.

நடுவில் யாராவது கூப்பிட்டால், எழுந்து போகும் முன் அடுத்த வார்த்தையின் முதல் எழுத்தை அடித்துவிட்டுப் போங்கள். அச்சகத்தில் பிழை திருத்துபவர்கள் விட்ட வரியில் பென்சிலைக் குறுக்கே வைத்துவிட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

எத்தனை நாளில் சரியாகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேசையில் ஒரு தாள் வைத்து, 'அக்க்' வரும்போதெல்லாம் தேதி போட்டு ஒரு கோடு இழுங்கள். ஒரு மாதம் கழித்துத் தாளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். காலையில் அதிகமா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகமா என்பதையும் குறித்துவைத்தால் இன்னும் நல்லது.